ஃபைட்டர் மீனுக்கு எதுக்கு இவ்ளோ வேகம்? – வாசகர் கேள்வி பதில்

ஜூன் ஸ்கூல் லீவுல புள்ளைங்களுக்கு மீன் வாங்கிக் குடுத்த வீடு நெறைய போல. வந்த கேள்வில முக்காவாசி ஃபைட்டர் மீன் பத்திதான், அதுலயும் ஃபில்டர் தண்ணி வேகம் பத்திதான். அதனால பூனை, கிளி, ஆமை எல்லாரும் அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இந்தத் தடவை முழுக்க மீன்தான்.

அண்ணே வணக்கம். பையன் பிரைமரி த்ரீ படிக்கிறான், ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தான்னு நீலக் கலர் ஹாஃப்மூன் ஃபைட்டர் ஒண்ணு வாங்கினோம். 30 சென்டிமீட்டர் கியூப் டேங்க், பின்பக்கம் மாட்டுற ஃபில்டர், பெட்டில மணிக்கு 300 லிட்டர்னு போட்டிருக்கு. மீன் எப்பப் பாத்தாலும் எதிர் மூலைல செடிக்குப் பின்னாடியே ஒட்டிக்கிட்டு நிக்குது, சாப்பாடு போட்டா வெளிய வரும், வந்த உடனே தண்ணி தள்ளிட்டுப் போயிடுது. வாலு நுனி வேற கிழிஞ்ச மாதிரி இருக்கு. கடைல கேட்டா மீன் வீக்கா இருக்கு, வேற வாங்கிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. ஃபில்டரக் கழட்டிடலாமா?
– வாசகி, ஈசூன்

கழட்டாதீங்கம்மா. மீனையும் மாத்தாதீங்க, புதுசா வர்றதும் அதே மூலைலதான் போய் நிக்கும்.

முதல்ல கணக்கப் பாருங்க. 30க்கு 30க்கு 30னா 27 லிட்டர், கல்லு மண்ணு போக, மேல கொஞ்சம் எடம் விட்டு ஊத்துறது போக உள்ள நிக்கிறது 22, 23 லிட்டர்தான். அதுக்கு 300 லிட்டர் ஃபில்டர்னா டேங்க் தண்ணி மொத்தமும் மணிக்கு 13 தடவை சுத்துது. பெட்டில இருக்கிறது வெறும் மோட்டார் நம்பர், உள்ள ஸ்பாஞ்ச், ரிங் எல்லாம் போட்டா கொறையும், அப்படிக் கொறைச்சுப் பாத்தாலும் ஜாஸ்திதான். ஃபைட்டருக்கு மணிக்கு மூணு நாலு தடவை சுத்தினாலே தாராளம். இந்த மீனோட சொந்த ஊரு தாய்லாந்து (2019ல அவங்க இத தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சுட்டாங்க), அங்க இது வயல், குட்டை, புல்லு மண்டின வாய்க்கால்னு தண்ணி அசையாத எடத்துல இருக்கிற சாதி. அதுலயும் உங்க ஹாஃப்மூன் இருக்கே, அந்த வாலு அரை வட்டமா 180 டிகிரி விரியணும்னு மனுஷன் தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து வளர்த்தது, காட்டுல இருக்கிறதுக்கு அப்படி வாலே கெடையாது. பட்டுப்புடவைய கட்டிக்கிட்டு நீச்சல் குளத்துல எதிர்நீச்சல் போடச் சொன்னா எப்படி இருக்கும், அதுதான் இப்ப அது நெலமை. நாள் முழுக்க நீந்திக்கிட்டே இருக்க முடியாது, அதான் தண்ணி வேகம் இல்லாத மூலையா பாத்து ஒதுங்குது.

இப்ப வேகத்தக் கொறைக்கிற வழி. எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்ய வேணாம், ஒண்ணொண்ணா செஞ்சு மீன் என்ன பண்ணுதுன்னு பாருங்க.

ஃபில்டர் தலைல இல்லன்னா உறிஞ்சுற குழாய் பக்கத்துல ஒரு சின்ன திருகு இருக்கும், அதக் கொறைச்சல் பக்கம் திருப்புங்க, நெறைய பேர் அது இருக்கிறதே தெரியாம வச்சிருக்காங்க. அடுத்து தண்ணி மட்டம். டேங்க்ல தண்ணி கொறைவா இருந்தா ஃபில்டர் வாயிலேருந்து தண்ணி உசரத்துலேருந்து விழும், விழுற வேகம்தான் கீழ வரைக்கும் கலக்குது. ஃபில்டர் உதட்டைத் தொடுற அளவுக்கு தண்ணி ஊத்திட்டா பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுரும். ஆனா ஃபைட்டர் குதிக்கிற மீன், மட்டம் ஏத்தினா மூடி கண்டிப்பா வேணும், மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல ரெண்டு விரக்கட காத்து எடம் விடணும், அது மேல வந்து வாயால காத்துக் குடிக்கிற மீன். மூணாவது, உறிஞ்சுற குழாய் நுனில ஒரு ஸ்பாஞ்ச் மாட்டுங்க, மீன் கடைல அதுக்குன்னே ஓட்டை போட்டு விக்கிறாங்க. வேகமும் கொறையும், வாலு உள்ள இழுபடுறதும் நிக்கும்.

இவ்ளோ செஞ்சும் ஜாஸ்தியா இருந்தா பாட்டில் வைத்தியம்தான். அரை லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் ஒண்ணு எடுத்து மேலயும் கீழயும் வெட்டித் தள்ளிட்டு நடுப் பகுதிய மட்டும் வச்சுக்கோங்க. அத நீளவாக்குல ஒரு பக்கம் மட்டும் கீறினா விரிச்சு மாட்டலாம். ஃபில்டர் தண்ணி விழுற உதட்டுல படுக்கவாட்டுல கவ்வுற மாதிரி மாட்டிட்டீங்கன்னா, நேரா கீழ விழுற தண்ணி அந்த வளைவுல பட்டு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு கண்ணாடி ஓரமா நைசா இறங்கும். வெட்டின ஓரத்த உப்புக் காயிதத்தால தேச்சு மழுக்கிட்டுதான் உள்ள விடணும், இல்லன்னா வேகத்துலேருந்து காப்பாத்தின வால பிளாஸ்டிக்ல கிழிச்ச கதையாயிடும். பாட்டில் பாக்க அசிங்கமா இருக்குன்னா, உதட்டுல ஒரு துண்டு மீன் ஃபில்டர் ஸ்பாஞ்ச வச்சு தையல் நூலால கட்டிரலாம். பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்ச் மட்டும் வேணாம், சிலதுல கிருமி கொல்ற மருந்து ஊற வச்சிருப்பாங்க. இந்த ஸ்பாஞ்ச் அடைச்சுக்கிச்சுன்னா தண்ணி ஃபில்டர் பின்பக்கமா வழிஞ்சு தரைல ஓடும், கீழ் வீட்டுக்காரங்க கதவ தட்டுற வரைக்கும் காத்திருக்காம வாரத்துக்கு ஒரு தடவை பிழிஞ்சு விடுங்க.

தண்ணி விழுற எடத்துக்கு நேர் எதிர்ல ஒரு மரக்கட்டையும் அதுல கட்டின அனுபியாஸ் செடியோ ஜாவா ஃபெர்ன் செடியோ வைங்க, தண்ணி அதுல மோதி உடையும். மேல கொஞ்சம் மிதக்குற செடி போட்டா வேகத்த அளக்கவும் உதவும். செடி ராட்டினமா சுத்திக்கிட்டே இருந்தா இன்னும் ஜாஸ்தி, ஒரு எடத்துல நின்னு லேசா ஆடினா சரி. அதே மாதிரி ஒரே ஒரு பெல்லட் போட்டுப் பாருங்க, மீன் திரும்பி வந்து கவ்வுற வரைக்கும் அது ஏறக்குறைய போட்ட எடத்துலயே இருக்கணும்.

அதுக்காக மொத்தமா அடைச்சு வச்சுராதீங்க. தண்ணி மேல எண்ணெய் படிஞ்ச மாதிரி ஏடு கட்டினா அசைவு பத்தலன்னு அர்த்தம், திருக கொஞ்சம் தொறந்து விடுங்க.

வாலு விஷயம். நல்ல வெளிச்சத்துல கிட்டப் போய்ப் பாருங்க. நேர்கோடா கிழிஞ்சிருந்தா வேகமோ பிளாஸ்டிக் செடியோதான் காரணம், பழைய ஸ்டாக்கிங் ஒண்ண செடி மேல இழுத்துப் பாருங்க, நூல் மாட்டினா வாலும் மாட்டும். ராத்திரியோட ராத்திரியா கடிச்ச மாதிரி அரைவட்டமா ஒரு துண்டு காணாமப் போயிருந்தா அது தானே கடிச்சுக்கிட்டது, நீளவால் ஃபைட்டருங்க தொல்லை தாங்காம அப்படிச் செய்யும். ஓரம் கருப்பாவோ செவப்பாவோ மாறி தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள அரிச்சுக்கிட்டே போனாதான் அழுகல், அதுக்கு முதல் வேலை தண்ணில அமோனியா (மீன் கழிவுலேருந்து வர்ற விஷம்) டெஸ்ட் பண்றது. முதல் ரெண்டும் தண்ணி சுத்தமா இருந்தா தானா வளர்ந்துரும், புதுசா வளர்ற எடம் கண்ணாடி மாதிரி கலர் இல்லாம இருக்கும், பயந்துராதீங்க.

அண்ணா, நான் ஜூரோங் வெஸ்ட்ல ரூம் எடுத்துத் தங்கி ஷிப்யார்டுல வேலை பாக்குறேன். 10 லிட்டர் டேங்க்ல ஒரு ஃபைட்டர், ஏர் பம்ப் வச்ச ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஃபைட்டருக்கு இதுதான் மெதுவானதுன்னு சொல்லிக் குடுத்தாங்க, ஆனா குமிழி பொங்கிப் பொங்கி வந்து மீனு மேலயும் கீழயும் அலையுது. டியூப மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டேன், குமிழி கொறைஞ்சது, பம்ப் கத்த ஆரம்பிச்சுருச்சு, ரூம்மேட்டு தூங்க முடியலன்னு திட்டுறான்.
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

சொன்னவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க தம்பி, 10 லிட்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர விட நல்லது கெடையாது. பம்ப்தான் பெருசு. டியூப மடிச்சா காத்து போக வழியில்லாம பம்ப் உள்ள இருக்கிற ரப்பர்ல முட்டுது, அதான் அந்தக் கத்தல், அப்படியே விட்டா ரப்பர் சீக்கிரம் கிழிஞ்சுரும். மீன் கடைல ரெண்டு வாய் வச்ச குட்டி வால்வ் கேளுங்க, ஒண்ணு ரெண்டு வெள்ளிக்கு மேல இருக்காது. ஒரு வாய ஃபில்டருக்குக் குடுங்க, இன்னொரு வாய்ல எதையும் மாட்டாம வெளிய காத்து போக விட்டுருங்க. வெளிய போற வாய எவ்ளோ தொறக்குறீங்களோ அவ்ளோ குமிழி கொறையும், பம்புக்கும் மூச்சு முட்டாது. ஃபில்டர் நடுக் குழாய்க்குள்ள ஒரு சின்ன ஏர் ஸ்டோன் போட்டா பெரிய குமிழி பொடிப் பொடியா மாறி களக் களக் சத்தமும் அடங்கும். பம்புக்கு அடில மடிச்ச துண்டு ஒண்ணு வைங்க, மேசை அதிர்றதுதான் பாதி சத்தம்.

பம்ப் டேங்க்க விட கீழ இருந்தா டியூப் நடுவுல செக் வால்வும் கட்டாயம் போடணும். இல்லன்னா சுவிட்ச நிறுத்துற அன்னைக்கு தண்ணி டியூப் வழியா இறங்கி பம்புக்கும் பிளக்குக்கும் வந்துரும். எந்தப் பக்கம் மாட்டுறதுன்னு கொழப்பம் வந்தா வாயால ஊதிப் பாருங்க, காத்து டேங்க் பக்கம் போகணும், திரும்பி வரக் கூடாது.

ராத்திரில மட்டும் ஃபில்டர நிறுத்தி வச்சா மீன் நிம்மதியா தூங்கும்ல? கரண்டு பில்லும் மிச்சம்.
– வாசகி, செங்காங்

வேணாம்மா. தண்ணியச் சுத்தம் பண்றது மோட்டார் இல்ல, ஸ்பாஞ்சுல குடியிருக்கிற பாக்டீரியா. மீன் கழிவுல வர்ற அமோனியாவ அதுங்கதான் நைட்ரைட்டாக்கி, அப்புறம் அவ்ளோ ஆபத்து இல்லாத நைட்ரேட்டா மாத்துது. அதுங்களுக்கு ஆக்சிஜன் உள்ள தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், எட்டு மணி நேரம் அடைஞ்சு கெடந்தா சாக ஆரம்பிக்கும், காலைல சுவிட்ச் போட்டா அந்தக் கெட்ட தண்ணி அப்படியே டேங்குக்குள்ள வரும். சாப்பாடு போடுறப்ப பத்து நிமிஷம் நிறுத்தலாம், தப்பில்ல, திரும்பப் போட மறக்காதீங்க. பில்லுன்னா, 5 வாட் ஃபில்டர் மாசம் முழுக்க ஓடினா 3.6 யூனிட், ஒரு வெள்ளிய ஒட்டித்தான் வரும். மீன் தூங்கணும்னா லைட்ட நிறுத்துங்க, அது போதும்.

செம்பவாங் கம்பத்துல நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப ஃபைட்டர ஹார்லிக்ஸ் பாட்டில்ல வளர்த்தோம். ஃபில்டராவது பம்பாவது, ஒண்ணும் கெடையாது, தினம் தண்ணி மாத்துவோம், புழு போடுவோம், அவ்ளோதான். இப்ப பேரனுக்கு வாங்கின மீனுக்கு அறுபது வெள்ளிக்கு சாமான் வாங்கணும்ங்கிறாங்க. இதெல்லாம் வியாபாரம் இல்லாம வேற என்ன?
– வாசகர், தெம்பனிஸ்

வியாபாரம் கொஞ்சம் இருக்குதான் ஐயா, மறுக்க மாட்டேன். ஃபைட்டருக்கு தலைக்குள்ள லேபிரிந்த்னு ஒரு உறுப்பு இருக்கு, அதனால மேல வந்து காத்தையே குடிச்சு சமாளிக்கும், பாட்டில்ல உயிரோட இருந்ததுக்கு அதுதான் காரணம். ஆனா நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, தினம் தண்ணி மாத்துவோம்னு. அந்த வேலையத்தான் இப்ப ஃபில்டர் செய்யுது. பேரன் தினம் மாத்துவான்னு நீங்க நம்புறீங்களா? மூணாவது நாளே கேம்ல உக்காந்துருவான், அமோனியா கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது, நம்ம ஊரு 28, 30 டிகிரி தண்ணில அதோட விஷம் இன்னும் ஜாஸ்தி.

தண்ணியும் அன்னைக்கு மாதிரி இல்ல. இப்ப பியுபி (தண்ணி வாரியம்) குழாய்த் தண்ணில குளோரமின் கலக்குறாங்க, அது குளோரினும் அமோனியாவும் சேந்தது. ராத்திரி பக்கெட்டுல பிடிச்சு வச்சா காலைல குளோரின் போயிடும்னு நம்ம வீடுகள்ல இன்னும் சொல்றாங்க, குளோரமின் அப்படிப் போகாது. ஆன்ட்டி குளோரின் மருந்து வாங்குறப்ப லேபிள்ல குளோரமினுக்கும் ஆகும்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடில கழுவக் கூடாது, தண்ணி மாத்துறப்ப எடுத்த பழைய டேங்க் தண்ணில ரெண்டு பிழி பிழிஞ்சா போதும், பளிச்சுன்னு ஆகணும்னு நெனைக்காதீங்க, அழுக்கு கொஞ்சம் இருக்கட்டும்.

அறுபது வெள்ளி வேணவே வேணாம். 15, 20 லிட்டர் டேங்க், மூடி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன பம்ப், செக் வால்வ், மருந்து, இவ்ளோதான் சாமான். ஏர்கான் ராத்திரி முழுக்க ஓடாத ரூம்னா ஹீட்டர் வேணாம். லைட்டுள்ள கலர் கோட்டை, நீர்வீழ்ச்சி பொம்மை எல்லாம் விடுங்க. சிராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் மீன் கடைங்க வரிசையா இருக்கு, ஒரு நடை பேரனையும் கூட்டிக்கிட்டுப் போய் ரெண்டு மூணு கடை விலை கேட்டுட்டு வாங்குங்க. ஃபில்டர் போட்டாலும் வாரத்துக்கு கால்வாசித் தண்ணி மாத்தணும், அத பேரன் பேர்ல எழுதிருங்க.

ரெண்டடி டேங்க், வெளிய வைக்கிற கேனிஸ்டர் ஃபில்டர். டெட்ரா மீன் கூட்டத்தோட ஒரு பிளாக்காட் ஃபைட்டர விடலாம்னு இருக்கேன். வேகத்த எங்க கொறைக்கிறது?
– வாசகர், ஹவ்காங்

தண்ணி டேங்குக்குத் திரும்புற பக்கத்து டேப்ப மட்டும் திருப்புங்க. உறிஞ்சுற பக்கத்துல கொறைச்சா மோட்டார் தண்ணி கெடைக்காம காத்த இழுத்து கரகரங்கும், ஆயுசும் கொறையும். ஸ்பிரே பார் (வரிசையா ஓட்டை போட்ட குழாய்) இருந்தா ஓட்டைங்க பின்கண்ணாடியப் பாத்து இருக்கிற மாதிரி திருப்பி வைங்க, ஓட்டைய கொஞ்சம் பெருசாக்கினா பீச்சுற வேகம் இன்னும் விழும். பிளாக்காட் குட்டைவால், ஹாஃப்மூன் அளவுக்கு திணறாது. டெட்ரா செட்டைய கொத்துதான்னு மட்டும் முதல் வாரம் கவனிங்க, கொத்தினா பிரிச்சுருங்க.

மாமா, நான் செகண்டரி டூ. சிங்கப்பூர் காட்டுலயே ஒரு பெட்டா (ஃபைட்டர் மீன் குடும்பம்) இருக்கு, அது ஓடுற தண்ணில வாழுதுன்னு டீச்சர் சொன்னாங்க. அப்ப வீட்டு பெட்டாவுக்கு மட்டும் ஏன் வேகம் ஆகாது? கொஞ்சம் எக்சர்சைஸ் நல்லதுதானே?
– மாணவர், உட்லண்ட்ஸ்

நல்ல கேள்வி தம்பி, டீச்சர் சொன்னது சரி. பெட்டா பக்னாக்ஸ்னு ஒரு சாதி, மலேசியாலயும் நம்ம மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டு ஓடைங்கள்லயும் இருக்கு. ஆனா அது வேற இனம், செட்டை குட்டை, கலரும் இலைச் சருகுக்குள்ள ஒளியிற பழுப்பு. வீட்டு ஃபைட்டர்ல அப்பா மீன் தண்ணி மேல நுரைக் கூடு கட்டி முட்டைய அதுல வச்சுக் காக்கும், ஓடுற தண்ணில நுரை நிக்குமா? அதனாலதான் பக்னாக்ஸ் அப்பா முட்டைய வாய்க்குள்ளயே வச்சு அடைகாக்குது. உங்க வீட்டு மீன் கட்டுற கூடு காலைல உடைஞ்சு சிதறியிருந்தா அதுவே வேகம் ஜாஸ்திங்கிறதுக்கு ஒரு அடையாளம்.

எக்சர்சைஸ் வேணும்தான். ஒரு பக்கம் லேசா அசைவு, மறுபக்கம் அசையாத தண்ணி, ரெண்டும் இருந்தா மீனே தேர்ந்தெடுத்துக்கும், அது அப்பப்ப அசையிற பக்கம் போய் வெளையாடினா சந்தோஷமா விடுங்க. ஆனா காட்டுல இருக்கிறத பிடிச்சு வந்து பாக்கலாம்னு மட்டும் நெனைக்காதே, அது இயற்கை வனப்பகுதி, அங்கேருந்து எதையும் எடுக்கக் கூடாது.

எங்க புளோக்குல அடிக்கடி கொசு மருந்துப் புகை அடிக்கிறாங்க. ரெண்டாவது மாடி. மீனுக்கு ஆகுமா? ஏர் பம்ப் ஓடலாமா?
– வாசகி, சுவா சூ காங்

கேட்டது நல்லதாப் போச்சு, இத நெறைய பேர் யோசிக்கிறதே இல்ல. கொசுப் புகைல வழக்கமா கலக்குற பைரித்ராய்டு வகை மருந்து மனுஷன விட மீனுக்குப் பல மடங்கு விஷம். ஏர் பம்ப் ரூம்ல இருக்கிற காத்த உறிஞ்சித்தான் தண்ணிக்குள்ள தள்ளுது, அதனால புகை அடிக்கிற சத்தம் கேட்ட உடனே ஜன்னல மூடுங்க, பம்ப நிறுத்துங்க, டேங்க் மேல ஈரத்துணி போட்டு மூடுங்க. ஒரு மணி நேரம் நின்னா ஃபில்டர் பாக்டீரியாவுக்கு ஒண்ணும் ஆகாது. புகை அடங்கினதும் முதல்ல ஜன்னலத் தொறந்து ஃபேன் போட்டு ரூம் காத்த மாத்திட்டு, அப்புறம் பம்ப ஓட விடுங்க. மீன் துடிக்கிறதோ சாஞ்சு நீந்துறதோ தெரிஞ்சா உடனே பாதித் தண்ணிய மாத்துங்க.

அப்புறம் டேங்க்ல கொசு முட்டை வைக்கும்னு பயப்பட வேணாம், புழு வந்தா ஃபைட்டரே தின்னுரும். தண்ணி மாத்துறதுக்குன்னு பிடிச்சு பால்கனில தொறந்து வச்சிருக்கிற பக்கெட்டதான் மூடி வைக்கணும். என்இஏ (சுற்றுப்புற வாரியம்) ஆளுங்க வந்தா அதத்தான் முதல்ல எட்டிப் பாப்பாங்க.